தளராமல் கற்பிக்க: தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு வழி

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறந்தபோது, இரண்டாம் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள் முதல் வகுப்பின் அறையைக் கண்டதே இல்லை. இத்தகைய இடைவெளியின் முன் மனம் சோராதிருக்க, பாடநூலை முடிக்கும் கவலையைச் சற்று ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தை அறிகிறதா, சொல்லை வாசிக்கிறதா, பத்தியை வாசிக்கிறதா என்று தனித்தனியே கேட்டறிந்து, தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் அளிக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையைக் கொண்டே பிள்ளைகளைப் பிரித்தது.

முதலில் வாசிக்கக் கொடுத்த அதே பக்கத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ணகரத்தில் தடுமாறிய பிள்ளை 'வண்ணத்துப்பூச்சி' என்று தயங்காமல் வாசித்ததைக் குறிப்பேட்டில் காணும்போது பிறக்கும் நம்பிக்கையை எந்தப் பயிற்சி உரையும் தர இயலாது என்பது என் உறுதியான எண்ணம்.

முன்னேற்றமே தெரியாத வாரங்களும் வரும். அப்போது அந்தக் குறிப்பேட்டைச் சக ஆசிரியரிடம் காட்டி, அவர் வகுப்பில் பயன்பட்ட முறையைக் கேளுங்கள். ஓராசிரியர் பள்ளியில் இருப்பவர்கள் அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திற்கு அதனை எடுத்துச் செல்லலாம்.