இஸ்திரிப் பெட்டியின் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் முறை

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மின்கருவியின் மின்னழுத்தத்தை வோல்ட்டிலும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும் அளந்துவிட்டால், வகுத்தால் மின்தடையும் பெருக்கினால் மின்திறனும் கிடைத்துவிடும். 1827-இல் ஜெர்மானியரான ஓம் வெளியிட்ட விதிதான் இந்த வகுத்தலுக்கு அடிப்படை. கணக்கு எளிது, அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள ஒரு வீட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்த இஸ்திரிப் பெட்டியைச் சோதிப்பதாகக் கொள்வோம். முதலில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, மின்இணைப்பில் மாட்டுவதற்கு முன்பே, அதன் ஒயரின் வெளியுறையை மட்டும் சிறிது நீளத்துக்கு நீக்கி, உள்ளிருக்கும் ஒயர்களின் காப்புறையில் கீறல் விழாமல் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர்தான் இருக்க வேண்டும். போகும் ஒயரும் திரும்பும் ஒயரும் சேர்ந்து நுழைந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும். பெட்டியின் விளக்கு எரியும்போது, அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்காத நேரத்தில், மின்னோட்டத்தையும், அதே எக்ஸ்டென்ஷனின் வேறொரு துளையில் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

மீட்டர்கள் 218 வோல்ட்டும் 4.1 ஆம்பியரும் காட்டினால், மின்திறன் 218 × 4.1 = 894 வாட்; மின்தடை 218 ÷ 4.1 = 53.2 ஓம். ஆயிரம் வாட் வரவில்லையே என்று பெட்டியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பொறித்த அளவின்படி அதன் மின்தடை 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம் ஆக இருக்க வேண்டும்; நமக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான். மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறி இறங்கும் என்பதால், கருவியின் நலத்தை வாட்டைக் கொண்டு அல்லாமல் ஓமைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெட்டியை அணைத்தவுடன் அதே துளையில் மின்னழுத்தம் 230-க்கு ஏறினால், அந்த 12 வோல்ட் வழியில் எங்கோ இழக்கப்படுகிறது. 12 ÷ 4.1 = 2.9 ஓம், 12 × 4.1 = 49 வாட். தெருவில் வரும் மின்னழுத்தமே ஏறி இறங்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. இழப்பு ஒயரின் நீளம் முழுவதும் பரவியிருந்தால் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் உப்புக்காற்றில் பச்சைபிடித்த ஒரே பித்தளைப் பின்னில் குவிந்தால் பிளக் உருகிவிடும். பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு சாக்கெட்டை மாற்றுவதே சரி.

குண்டு பல்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 230 × 230 ÷ 60 = 882 ஓம்; ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம், ஏனெனில் டங்ஸ்டன் இழையின் மின்தடை வெப்பத்தோடு கடுமையாக உயர்கிறது. இஸ்திரிப் பெட்டியின் நிக்ரோம் கம்பியில் இந்த வேறுபாடு மிகச் சிறிது.

மின்விசிறி, மிக்ஸி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார்க் கருவிகளில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வாட் அன்று. அதைப் பவர் ஃபேக்டரால், அதாவது அந்தப் பெருக்குத்தொகையில் எவ்வளவு பங்கு உண்மையான மின்திறன் என்று சொல்லும் எண்ணால், மேலும் பெருக்க வேண்டும். வகுத்து வரும் ஓமும் அங்கே வெறும் கம்பியின் மின்தடையைக் குறிக்காது.