கைத்துப்பாக்கிப் பிடிக்கு மாற்றுப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பாக்கியோடு வந்த பிடித்தகடுகளை, அதாவது பிடியின் இருபுறமும் திருகி வைக்கும் தகடுகளை, மாற்ற நினைத்தால் முதலில் கண்ணில் படுவது நிறமும் பளபளப்பும்தான். பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன. பொருளின் தடித்த, அழகான நடுப்பகுதியைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் அது விரிசல் விடுவது திருகுத் துளையைச் சுற்றியும் மெலிந்த ஓரங்களிலும்தான்.

1911 வகைக் கைத்துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிடித்தகடு சுமார் 6 மி.மீ. தடிமன். இடது தகட்டின் மேல் ஓரத்தில், உட்பக்கம் குடைந்திருப்பார்கள். துப்பாக்கியின் உடலில் இருக்கும் பிளஞ்சர் குழாயின் (பாதுகாப்பு விசையை நிலையில் நிறுத்தும் சிறு ஊசியும் சுருள்வில்லும் உள்ள குழாய்) மேல் அந்த மெல்லிய உதடு படிந்து, குழாய் தளராமல் அழுத்திப் பிடிக்கிறது. அது உடைந்தாலோ மிக மென்மையாக இருந்தாலோ நாளடைவில் குழாய் ஆடலாம். அது ஆடினால் பாதுகாப்பு விசையும் மக்கர் செய்யும். ஆக, அந்த உதட்டின் கனத்தில் இந்தப் பொருள் தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வால்நட் மரத்துக்குப் பதில் பழுப்பு பிளாஸ்டிக் தகடுகள் வந்தபோதும் இதே கதைதான். ஆரம்பத்தில் வந்தவை துளையோரம் விரிசல் விட்டன; பிறகு துளையைச் சுற்றி வளையமும் பின்புறம் விலா எலும்பு போன்ற தடிப்புகளும் சேர்த்தார்கள்.

முத்துச்சிப்பி, எலும்பு போன்றவை உடைந்தால் எல்லோரும் பொருளைத்தான் திட்டுகிறார்கள். பல சமயம் குற்றம் பொருத்தியதில் இருக்கும். தகட்டின் பின்புறம் சமமாக உட்காராமல், ஒரு மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதைப்பு முழுவதும் அந்த ஒரே புள்ளியில் இறங்குகிறது. அதற்குமேல் திருகை இறுக்கினால் கேட்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மேகசினைக் கழற்றி, சேம்பரில் (சுடுவதற்குமுன் குண்டு உட்காரும் அறை) குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு, உலோக உடலில் மென்பென்சிலால் கருமை தேய்த்துத் தகட்டை வைத்து அழுத்துங்கள். கருமை ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் உப்புத்தாளில் மெல்லத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு நல்ல சிப்பித் தகட்டைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மரத்தில் வேறு சிக்கல். முன்பக்கம் மட்டும் எண்ணெயோ வார்னிஷோ பூசிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பூசாத பக்கம் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், வேகமாக விடும்; தகடு வளைந்துவிடும். இரண்டு பக்கமும், துளைகளின் உள்ளேயும் பூச வேண்டும். எருமைக் கொம்பு இன்னும் மோசம், அதுவாகவே சுருளப் பார்க்கும். மர முடிச்சுகளில் நார் ஒரு திசையில் ஓடுவதில்லை. பார்க்க அள்ளும் அழகு, ஆனால் மெலிந்த இடத்தில் பட்டென்று போகும். வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்ச வைத்து இறுக்கிய துண்டாக இருந்தால் வாங்கலாம். கோகோபோலோ போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மரங்களில் பாலியூரித்தேன் வார்னிஷ் சரியாகக் காயாது. அதன் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் கிளப்பும்.

அன்றாடம் பயன்படுத்தும் துப்பாக்கிக்கு என் தேர்வு மைக்கார்ட்டாதான். துணி அடுக்குகளை ரெசினில் ஊறவைத்து அழுத்திச் செய்வது. வியர்வை பட்டாலும் வளையாது. இதில் செய்யும் தவறு, கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவது. சொரசொரப்பு போய்விட்டால் ஈரக் கையில் அது வழுக்கும். துணிக்குப் பதில் கண்ணாடி இழையை ரெசினில் இறுக்கிச் செய்யும் ஜி10 இன்னும் வலுவானது, ஆனால் கூர்மையாகக் கட்டம் வெட்டிய தகடு உள்ளங்கையையும் சட்டையையும் அரித்துவிடும். ரப்பர் பின்னுதைப்பை நன்றாகத் தாங்கும். மறைத்து எடுத்துச் செல்பவருக்குத் துணியில் ஒட்டிக்கொண்டு தொல்லை. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் 3டி அச்சடித்த பிடி அளவு பார்க்க மட்டுமே உதவும், 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும்.

சுத்தம் செய்யும்போதும் கவனம் தேவை. அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் தகட்டில் முடி போன்ற கீறல்கள் விழும். கரைப்பானை எடுக்கும் முன் தகடுகளைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் சட்டம். யானைத் தந்த வணிகத்துக்கு எதிராக, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸ் விதித்த தடை 1989-இல் முடிவாகி 1990-இல் அமலுக்கு வந்தது. பிரேசில் ஈட்டி மரம் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. கோகோபோலோ உட்பட அந்தப் பேரினம் முழுவதும் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. கடமான் கொம்பு ஏற்றுமதியை இந்தியா 1998-இல் நிறுத்தியது. பழைய சரக்கு என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது, காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்களே அறுத்துத் தேய்க்கப் போகிறீர்கள் என்றால், ஜி10-இன் கண்ணாடி இழைத் தூளும் சிப்பித் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சாதாரணத் துணியைக் கட்டிக்கொள்ளாமல், தூளை வடிகட்டும் சரியான முகமூடியாகப் போடுங்கள்.