ஜி.ஐ.ஜி.ஓ. என்றால் என்ன? கூட்டல் போடும் முன் தரவைச் சோதிப்பது எப்படி?

'கார்பேஜ் இன், கார்பேஜ் அவுட்' என்பதன் சுருக்கம்தான் ஜி.ஐ.ஜி.ஓ. சேர்த்து 'கைகோ' என்று வாசிப்பார்கள். குப்பையைக் கொட்டினால் குப்பைதான் வரும், கணினி சலித்துத் தராது. 1957-லேயே ஓர் அமெரிக்க நாளிதழில் இந்தத் தொடர் அச்சாகியிருக்கிறது. கருத்து அதைவிடப் பழையது. தப்பான எண்களைக் கொடுத்தால் இயந்திரம் சரியான விடை தருமா என்று தன்னிடம் இரண்டு முறை கேட்டார்கள் என, கணக்குப் போடும் இயந்திரத்தை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ் 1864-ல் எழுதியிருக்கிறார்.

உள்ளே போன தரவு கெட்டிருந்து விடை கெட்டால் இந்தச் சொல் பொருந்தும். நிரலிலேயே பிழை இருக்கும்போது 'கைகோ' என்று சொல்லி, தரவு கொடுத்தவர் தலையில் பழியைப் போடக் கூடாது. வெளியே வந்த குப்பையை வேதவாக்காக நம்புவதற்கும் ஒரு பெயர் உண்டு: 'கார்பேஜ் இன், காஸ்பல் அவுட்'. நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

படி 2: சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள், எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளுக்குள் போய் இம்போர்ட் செய்யுங்கள். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் தானாகவே ஊகிக்கத் தொடங்கிவிடும். 00457 வெறும் 457 ஆகும். 16 இலக்க அடையாள எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றி அது படுத்திய பாட்டில், 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். குப்பை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, திறக்கும் நொடியிலும் உண்டாகிறது. இம்போர்ட் செய்யும்போது அடையாள எண், தொலைபேசி எண் போன்ற நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள்.

படி 3: இதுதான் என்னைக் கவிழ்த்த படி, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கருத்தாய்வில் 214 பேர் கொடுத்த நிமிடக் கணக்கு கையில் இருந்தது. கூட்ட சம் ஃபார்முலா போட்டேன், சராசரிக்கு ஆவரேஜ் போட்டேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, சராசரியும் நம்பும்படி இருந்தது. அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு பகுதியைக் கையால் கூட்டிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது.

காரணம், 37 செல்களில் (கட்டங்களில்) இருந்தவை எண்கள் அல்ல, எண் போலத் தெரியும் எழுத்துகள். ஒரு வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியதால் ஒவ்வொன்றின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. சம், ஆவரேஜ் இரண்டுமே எழுத்து உள்ள செல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும் என்பதால் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தேன், அந்தத் தடயமும் போச்சு.

இதைப் பிடிக்க இரண்டு ஃபார்முலா போதும். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ காலியாக இல்லாத எல்லா செல்லையும் எண்ணும். அதே நெடுவரிசைக்கு (தலைப்பை விட்டுவிட்டு) இரண்டையும் போடுங்கள். எனக்கு 177, 214 என்று வந்தது. இரண்டும் ஒன்றாக வராதவரை கூட்டலுக்குப் போகவே போகாதீர்கள்.

அப்புறம் சரிசெய்வது. செல்லின் ஃபார்மேட்டை 'நம்பர்' என்று மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்து அரை நாளைத் தொலைத்தேன். ஃபார்மேட் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருப்பது எழுத்தாகவேதான் இருக்கும். டிரிம் ஃபார்முலாவும் உதவவில்லை, அது சாதாரண இடைவெளியைத்தான் வெட்டும். வலைப்பக்கத்திலிருந்து வருவது 160 என்ற எண்ணுள்ள வேறு இடைவெளி. பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசை எடுத்து, சப்ஸ்டிடியூட் ஃபார்முலாவில் கேர்(160)-ஐ, அதாவது அந்த இடைவெளியை, வெற்றாக மாற்றி, அந்த முழுவதையும் எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ ஃபார்முலாவுக்குள் போடுங்கள். கவுண்ட் மீண்டும் 214 காட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்தச் சோதனைக்கு நான் எக்செல்லைவிட லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருளைத்தான் விரும்புகிறேன். கண்ட்ரோல், எஃப்8 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் மாறும். நீலத்துக்கு நடுவே கறுப்பு தெரிந்தால் அங்கேதான் குப்பை.

படி 4: அலகைத் தலைப்பிலேயே எழுதுங்கள். 'நேரம்' என்று விடாமல் 'நேரம், நிமிடத்தில்' என்று எழுதுங்கள். 1999-ல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது இதனால்தான். உந்துவிசைக்கான எண்ணை ஒரு மென்பொருள் பவுண்ட் கணக்கில் கொடுக்க, அதை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண்கள் எல்லாம் எண்களாகவே இருந்தன, கவுண்ட் போட்டிருந்தாலும் மாட்டியிருக்காது. தேதிக்கும் இதே கதிதான்: 03/04 மார்ச்சா ஏப்ரலா? 2024-04-03 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் குழப்பமில்லை.

படி 5: மிகச் சிறிய எண்ணைக் காட்டும் மின், மிகப் பெரிய எண்ணைக் காட்டும் மேக்ஸ் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 1440 நிமிடம்தான். அதைத் தாண்டிய எண்ணோ மைனஸோ வந்தால் கொடுத்தவரிடமே கேளுங்கள், நீங்களாக ஊகித்துத் திருத்தாதீர்கள்.

பின்சேர்க்கை 1: மேக் கணினியில் கேர்(160) வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். யூனிகேர்(160) என்று போடுங்கள். நானும் இப்போது எல்லா இடத்திலும் அதைத்தான் போடுகிறேன்.

பின்சேர்க்கை 2: ஒரே பெயர் பட்டியலில் இரண்டு தனிப் பெயர்களாக எண்ணப்படுகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவர் அனுப்பிய இரண்டு செல்கள்: கௌரி, கெளரி. பார்வைக்கு ஒன்றுதான். முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது. இரண்டாவதில் எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். எழுத்துக்குறிகளை எண்ணும் லென் ஃபார்முலா போட்டால் முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 5 வரும். பட்டியல் பெரிதாக இருந்தால் தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன் ரிஃபைன் மென்பொருளில் ஏற்றி டெக்ஸ்ட் ஃபேசட் (நெடுவரிசையில் உள்ள வெவ்வேறு பெயர்களின் பட்டியல்) எடுங்கள். இரண்டும் தனித்தனி வரியாகத் தெரியும், அங்கேயே ஒன்றைத் திருத்தினால் எல்லா வரிசையிலும் மாறிவிடும்.