மங்காவையும் அனிமேவையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அனிமேவை (ஜப்பானிய அசைவூட்டத் தொடரை) அதன் மூல மங்காவோடு (ஜப்பானியச் சித்திரக்கதையோடு) ஒப்பிட்டு எழுதும் பலர், எந்தக் காட்சி மாறியது, எந்தப் பாத்திரம் விடுபட்டது என்று பட்டியல் போட்டதும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏன் மாறியது, மாறியதால் கதைக்கு என்ன ஆயிற்று என்று கேட்காத ஒப்பீட்டால் வாசகருக்குப் பயனில்லை. ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் இதற்கு நல்ல பாடம். ஒரே மங்காவை ஒரே ஸ்டுடியோவான போன்ஸ் இரண்டு முறை அனிமேவாக எடுத்திருக்கிறது.

பலரும் செய்யும் பெரிய தவறு, ஆண்டுகளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது. மாத இதழில் 2001இல் தொடங்கிய மங்கா 2010இல்தான் முடிந்தது. மொத்தம் 27 தொகுதிகள். 2003 அக்டோபரில் தொடங்கிய முதல் அனிமே, ஓராண்டில் 51 எபிசோடுகளோடு நிறைவடைந்தபோது மூலக்கதை பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே அதன் பிற்பகுதியை "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பழிப்பது நியாயமாகாது, ஏனெனில் கெடுப்பதற்கு அப்போது மூலமே எழுதப்பட்டிருக்கவில்லை. 2009 ஏப்ரலில் வந்த இரண்டாவது அனிமேவான பிரதர்ஹுட் கூட, முடிந்த கதையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியதன்று. மங்காவின் கடைசி அத்தியாயம் 2010 ஜூனிலும், பிரதர்ஹுட்டின் 64ஆவது எபிசோடு அடுத்த மாதமும் வெளிவந்தன.

மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதையே தரம் என்று எண்ணிவிடுவதும் தவறுதான். நீனா என்ற சிறுமியின் பகுதியை எடுத்துக்கொள்வோம். மங்காவில் அது ஐந்தாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. பிரதர்ஹுட்டும் ஏறத்தாழ அப்படியே ஒரே எபிசோடில் முடிக்கிறது. 2003 அனிமேயோ மூலத்தை விட்டு விலகி, கதையின் நாயகர்களான எட்வர்ட், அல்போன்ஸ் சகோதரர்கள் இருவரையும் அரசு ரசவாதித் தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் அவள் வீட்டிலேயே தங்கவைக்கிறது. அங்கே எட்வர்டின் பிறந்தநாள் வருகிறது, பனியில் விளையாட்டு நடக்கிறது, அவள் அவர்களுக்குத் தங்கையாகவே ஆகிவிடுகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் நேரும் கொடுமை (தந்தையே அவளை நாயோடு இணைத்து ஒரு கலப்பு உயிரியாக்கிவிடுவது), என் கருத்தில், மூலத்தில் இருப்பதைவிட ஆழமாகத் தைக்கிறது. விலகல்தான் அந்தக் காட்சிக்கு வலு சேர்த்தது.

அனிமேவின் ஒரு சட்டகத்தை நிறுத்திப் படமெடுத்து மங்காவின் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, "ஓவியம் தரம் குறைந்துவிட்டது" என்பவர்கள், நிலைத்து நிற்பதற்காக வரையப்பட்டதையும் நொடிக்குள் கடந்துபோவதற்காக வரையப்பட்டதையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள். மங்காவில் எவ்வளவு நேரம் ஒரு முகத்தைப் பார்ப்பது, எப்போது பக்கத்தைப் புரட்டுவது என்பதெல்லாம் வாசகர் கையில் இருக்கிறது. அனிமேவில் அந்த நேரத்தை இயக்குநர் தீர்மானிக்கிறார். நீனாவின் பகுதியில், அந்தக் கலப்பு உயிரியின் வாயால் எட்வர்டின் பெயர் திக்கித் திக்கி உச்சரிக்கப்படும் அந்த இடத்தை மங்காவில் நாம் மௌனமாக, நம் வேகத்தில் படிக்கிறோம்; அனிமேவிலோ அந்தக் குரல் காதில் விழுந்தே தீரும், தப்பிக்க வழியில்லை. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு அனுபவங்களைத்தான்.

வசனத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. நாம் படித்தது ஒருவரின் மொழிபெயர்ப்பு, பார்த்த சப்டைட்டில் இன்னொருவருடையது. ஜப்பானிய மூலத்தில் ஒரே வரியாக இருப்பது நமக்கு இரண்டு வேறு வசனங்களாகத் தோன்றக்கூடும்.