ஓய்வுபெற்ற பாஸ்டரா? சபை பென்ஷனை ஐஆர்ஏவுக்கு மாற்றும் முன் இதைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவர்கள், சபையின் 403(பி) என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் சேர்ந்த பணத்தை ஐஆர்ஏவுக்கு (தனிநபர் தன் பெயரில் வைக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) மாற்றாமல் அங்கேயே விட்டு, வீட்டுப்படியாக, அதாவது வீட்டுச் செலவுக்கான தொகையாக எடுங்கள். வரிச் சட்டத்தின் 107-வது பிரிவுப்படி, சபையோ அதன் பென்ஷன் வாரியமோ முன்கூட்டியே வீட்டுப்படி என்று குறித்துக் கொடுக்கும் தொகைக்கு வருமான வரி கிடையாது, ஓய்வுக்குப் பிறகு வருவதால் சுயதொழில் வரியும் இல்லை. ஆனால் வரிக்கு உரிய வருமானத்தில் இருந்து எப்போதும் முழுசாகக் கழியாது: குறித்த தொகை, வீட்டுக்கு நிஜமாக ஆன செலவு, சாமான்களோடு அந்த வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகையும் கரண்ட், தண்ணீர் பில்லும் சேர்ந்த தொகை, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் கழியும். 24,000 டாலர் குறித்து, செலவு 19,000, வாடகைக் கணக்கு 22,000 என்றால் கழிவது 19,000. மிச்சம் 5,000-க்கு வரி உண்டு. இந்தக் கணக்கை, வருஷத்தில் வந்த பென்ஷனைக் காட்டும் 1099-ஆர் படிவம் போட்டுத் தராது, நீங்கள்தான் போட வேண்டும், அதனால் பிளம்பர் ரசீது வரை எடுத்து வையுங்கள். ஐஆர்ஏவுக்குப் போய்விட்ட பணத்துக்கும் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும் இந்தச் சலுகை செல்லாது. அப்புறம், பாஸ்டர் இறந்தபின் அவர் மனைவிக்கு வரும் பென்ஷனுக்கும் இந்தச் சலுகை இல்லை.