உலக நிகழ்வுகள் சமவாய்ப்பு எண் கருவிகளைப் பாதிக்கின்றனவா? நீங்களே சோதித்துப் பார்ப்பதற்கான வழிமுறை

1998 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ரோஜர் நெல்சன் என்ற ஆய்வாளர் 'குளோபல் கான்ஷியஸ்னஸ் ப்ராஜெக்ட்' என்ற முயற்சியைத் தொடங்கினார். உலகின் பல நாடுகளில் ஆர்வலர்களின் கணினிகளோடு சிறு மின்னணுக் கருவிகள் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு கருவியும் நொடிக்கு 200 பிட்டுகளை, அதாவது ஒன்று அல்லது சுழியம் என்ற இலக்கங்களை, தற்செயலாக உருவாக்கும். அவற்றில் எத்தனை ஒன்றுகள் என்ற எண்ணிக்கை பிரின்ஸ்டனில் உள்ள சேமிப்பகத்துக்குப் போய்ச் சேரும். பெரும் விபத்து, போர், தேர்தல், புத்தாண்டுப் பிறப்பு என்று கோடிக்கணக்கானோரின் கவனம் ஒன்றின் மேல் குவியும் நேரங்களில் இந்த எண்கள் தற்செயலின் போக்கிலிருந்து விலகும் என்பது கருதுகோள். 2015 வரை 500 நிகழ்வுகள் பதிவாகின. அவற்றை ஒன்றுசேர்த்தால் வரும் விலகல் திட்ட விலக்கத்தைப் போல் (தற்செயலால் மட்டும் எண்கள் வழக்கமாக விலகும் அளவைப் போல்) 7 மடங்குக்கும் சற்று அதிகம். வெறும் தற்செயலால் இவ்வளவு விலகல் வருவதற்கான நிகழ்தகவு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கூற்றை நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்னால் சோதித்துப் பார்க்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். வேண்டிய கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கணக்கு, பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியலைத் தாண்டுவதில்லை. கடினமானது ஒன்றுதான்: எந்த நிகழ்வு, எந்த நேரம், எந்தக் கணக்கு என்பதையெல்லாம் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து, பிறகு அதிலிருந்து இம்மியும் விலகாமல் இருப்பது. இந்தச் சோதனையின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கணினி மென்பொருள் தரும் சமவாய்ப்பு எண்கள் ஒரு சூத்திரத்தின் விளைவு என்பதால் அவை இந்தச் சோதனைக்கு உதவாது. இயற்பியல் நிகழ்வு ஒன்றிலிருந்து எண் பிறக்க வேண்டும். ஜீனர் டயோடை எதிர்த்திசை மின்னழுத்தத்தில் வைத்தால் அதில் எழும் மின் இரைச்சல், மின்தடையில் எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் உண்டாகும் இரைச்சல், ஒளித்துகள் ஒன்று கண்ணாடியில் ஊடுருவுமா எதிரொளிக்குமா என்ற குவாண்டம் நிகழ்வு ஆகியவை வழக்கமான மூலங்கள். யூஎஸ்பி துளையில் செருகும் வடிவில் இத்தகைய கருவிகள் விற்கப்படுகின்றன.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள்: பதப்படுத்தப்படாத மூல பிட்டுகளைக் கருவி வெளியே தர வேண்டும். இன்டெல் செயலிகளுக்குள் உண்மையான இரைச்சல் மூலம் ஒன்று இருந்தாலும், அதன் வெளியீடு மறையாக்க முறையில் கலக்கப்பட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. மூலத்தில் ஏதேனும் கோளாறோ தாக்கமோ ஏற்பட்டால்கூட வெளியே வரும் எண்கள் குறைசொல்ல முடியாதவையாகவே தோன்றும். பாதுகாப்புக்கு அது மிக நல்லது. எதையாவது கண்டுபிடிக்க நினைப்பவருக்கு அதுவே தடை.

சார்பை நீக்கும் படி

எந்த இயற்பியல் கருவியும் சரிபாதியாக ஒன்றும் சுழியமும் தருவதில்லை. அறை வெப்பம், மின்னழுத்தம், அருகில் இருக்கும் கைபேசி ஆகியவை அதைச் சற்று ஒரு பக்கம் சாய்க்கும். பெரிய செய்தி வெடிக்கும் நாளில் கைபேசிப் பயன்பாடும் மின்நுகர்வும் மாறுகின்றன என்பதால் இந்தச் சாய்வே நாம் தேடும் விளைவைப் போல வேடமிட்டு வரக்கூடும். ஆகவே பிரின்ஸ்டன் கருவிகளில் எக்ஸ்ஆர் என்ற படி சேர்க்கப்பட்டிருக்கிறது. எளிய வடிவில் அது இவ்வளவுதான்: வரும் பிட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றை, அதாவது இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று, தலைகீழாக மாற்றிவிடுவது.

இதை எண்ணால் பார்ப்போம். ஒரு கருவி 51 விழுக்காடு ஒன்றுகளைத் தருகிறது என்று கொள்ளுங்கள். 200 பிட்டுகளில் சராசரியாக 102 ஒன்றுகள் வரும். எக்ஸ்ஆர் செய்தபின் மாற்றப்படாத 100 பிட்டுகளில் 51, மாற்றப்பட்ட 100 பிட்டுகளில் 49 என்று கூட்டுத்தொகை மறுபடியும் 100 ஆகிவிடுகிறது. பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 50 என்பதற்குப் பதில் 49.98 ஆகும், அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். மக்களின் துயரமோ கவனமோ டயோடின் எலக்ட்ரான்களை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தள்ளலையும் இந்தப் படி அழித்துவிடும். அப்படியிருந்தும் விளைவு தெரிகிறது என்றால், அது மின்னோட்டத்தில் செயல்படும் எளிய விசையாக இருக்க முடியாது. கணக்கு முடிந்தபின் கிடைக்கும் எண்ணையே குறிவைப்பதாக இருக்க வேண்டும். இந்தக் கருதுகோளை ஆதரிப்பவர்கள் எதிர்கொள்ள வேண்டிய மிகக் கடினமான கேள்வி இதுவே என்பது என் எண்ணம்.

அளவு சரிபார்த்தல்

எந்த நிகழ்வையும் தொடுவதற்கு முன் கருவியைச் சில வாரங்கள் இடைவிடாமல் ஓட விடுங்கள். நொடிக்கு 200 பிட்டுகளின் கூட்டுத்தொகைக்குச் சராசரி 100, திட்ட விலக்கம் 7.07 ஆக இருக்க வேண்டும். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால் அன்றன்றைய சராசரியின் திட்டப் பிழை (அந்தச் சராசரி தற்செயலாக விலகும் அளவு) 0.024 மட்டுமே. அதாவது 20 நாட்களில் ஏறத்தாழ 19 நாட்கள் சராசரி 99.95-க்கும் 100.05-க்கும் இடையில் அடங்க வேண்டும். அடங்காத கருவியை ஒதுக்கிவிடுங்கள். திருத்தும் சூத்திரம் எதையும் பின்னால் சேர்க்காதீர்கள்.

ஒரே கருவி போதாது. நெல்சனின் கூற்று, தொலைவிலுள்ள கருவிகள் ஒரே நொடியில் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதுதான். குறைந்தது மூன்று நான்கு நண்பர்களின் வீடுகளில், வெவ்வேறு ஊர்களில் வைப்பது நல்லது. ஒரே வீட்டில் ஒரே மின்இணைப்பில் வைத்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கமே அவற்றுக்குள் ஒட்டுறவை உண்டாக்கிவிடும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் இணையவழி நேரச் சேவையோடு ஒத்திசைந்திருக்க வேண்டும். பதிவுகள் அனைத்தும் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும்.

நிகழ்வும் நேர வரம்பும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நெல்சன் குழு எடுத்துக்கொண்ட நேர வரம்பு நியூயார்க் நேரப்படி காலை 8:35 முதல் பகல் 12:45 வரை. முதல் விமானம் மோதியது 8:46-க்கு. அந்த 15,000 நொடிகளில் கண்ட விலகல் வெறும் தற்செயலால் வருவதற்கான நிகழ்தகவு சுமார் 0.03. எட்வின் மே, ஜேம்ஸ் ஸ்பாட்டிஸ்வுட் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் அதே தரவை எடுத்து ஆராய்ந்து, வரம்பைக் கொஞ்சம் மாற்றினாலே குறிப்பிடத்தக்க விலகல் மறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். வரம்பைத் தரவு பார்க்கும் முன்பே குறித்துவிட்டதாக நெல்சன் தரப்பு சொல்கிறது. அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நிகழ்வு நடந்து முடிந்தபின் ஒரு மனிதர் உட்கார்ந்து 'இது சேரும், இது சேராது, இங்கே தொடங்கும், அங்கே முடியும்' என்று தேர்ந்தெடுக்கும் முறையே பலவீனமானது.

நம் கரையைத் தொட்ட ஒரு நிகழ்வை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது இந்திய நேரம் காலை 6:29. அலை இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் வந்து சேர்ந்தது சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு. பேரழிவின் அளவு உலகத்துக்குத் தெரிய நாள் முழுவதும் ஆனது. இந்நிகழ்வின் தொடக்கம் நிலம் அதிர்ந்த நொடியா, அலை அடித்த நேரமா, செய்தி பரவிய நேரமா? மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். மூன்றையும் கணக்கிட்டு நன்றாக வந்ததை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அங்கேயே பிறந்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 வரம்புகளைச் சோதித்தால், எந்த விளைவும் இல்லாவிட்டாலும், அவற்றில் ஒன்றாவது, குறிப்பிடத்தக்கது என்று வழக்கமாகக் கருதப்படும் 0.05 என்ற எல்லைக்குக் கீழே வருவதற்கான நிகழ்தகவு 64 விழுக்காடு.

ஆகவே நிகழ்வை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், விதி தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பெரிய நிலநடுக்கங்களுக்கு உயிரிழப்பையும் பொருளிழப்பையும் மதிப்பிட்டுப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறம் தருகிறது. 'இன்ன தேதிக்குப் பிறகு, நடுக்கம் நிகழ்ந்து 24 மணி நேரம் ஆனபோது ஆரஞ்சோ சிவப்போ ஆக இருக்கும் ஒவ்வொரு நிலநடுக்கமும் சேரும். வரம்பு நடுக்கம் தொடங்கிய நொடியிலிருந்து நான்கு மணி நேரம்' என்று எழுதிவிட்டால் அதன்பின் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. 24 மணி நேரம் என்று குறிப்பிடுவது அவசியம். இந்த நிறங்கள் புதிய தகவல் வர வர மாற்றப்படும். முன்கூட்டியே நேரம் தெரிந்த புத்தாண்டு நள்ளிரவு, உலகக் கோப்பை இறுதிப் போட்டி போன்றவற்றையும் இதேபோல் பட்டியலிடலாம்.

இந்த விதி, கணக்கிடும் சூத்திரம், விடுபட்ட தரவை என்ன செய்வது, எத்தனை நிகழ்வுகளோடு சோதனை முடியும் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் எழுதி, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற எண்ணை) தேதியுடன் பொதுவெளியில் பதிந்துவிடுங்கள். பின்னர் கோப்பை வெளியிடும்போது ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று யாரும் சரிபார்க்கலாம்.

கணக்கு

ஒவ்வொரு நொடியிலும் ஒவ்வொரு கருவியின் கூட்டுத்தொகையிலிருந்து 100-ஐக் கழித்து 7.07-ஆல் வகுக்கவும். அந்த நொடியில் எல்லாக் கருவிகளுக்கும் கிடைத்த மதிப்புகளைக் கூட்டி, கருவிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்தவும். நான்கு மணி நேரத்தின் 14,400 நொடிகளுக்கும் இவற்றைக் கூட்டினால், தற்செயல் மட்டுமே செயல்படும்போது 14,400 வர வேண்டும். திட்ட விலக்கம் சுமார் 170. உங்களுக்கு 14,680 வந்தால் விலகல் 1.65 மடங்கு, நிகழ்தகவு ஏறத்தாழ 0.05.

இதே கணக்கை, எந்த நிகழ்வும் சேராத நாட்களிலிருந்து கணினி தானாகப் பொறுக்கிய ஆயிரம் நேர வரம்புகளுக்கும் செய்யுங்கள். அவற்றின் விடைகள் 14,400-ஐச் சுற்றி இயல்நிலைப் பரவலாக அமையவில்லை என்றால் கோளாறு உங்கள் அமைப்பில் இருக்கிறது. விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும் வரைபடத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தற்செயலான எண்களின் கூட்டுத்தொகை நெடுநேரம் ஒரே பக்கத்தில் ஏறிக்கொண்டே போவது இயல்பு. கண்ணுக்கு அது ஒரு போக்காகவே தெரியும்.

முடிவைப் படிப்பது

நெல்சனின் 500 நிகழ்வுகளில் ஒன்றுக்குச் சராசரி விலகல் திட்ட விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எனவே ஒற்றை நிகழ்வு எதையும் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்த அளவு விளைவு உண்மையிலேயே இருந்து, உங்கள் சோதனை அதை 80 விழுக்காடு வாய்ப்போடு 0.05 என்ற எல்லையில் பிடிக்க வேண்டுமானால், சுமார் 60 நிகழ்வுகள் தேவை. அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். இடையில் பார்த்துவிட்டு நிறுத்தும் ஆசை வரும். எண்ணிக்கையை முன்பே எழுதி வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

இந்தத் தரவோடு பல ஆண்டுகள் பணியாற்றிய பீட்டர் பேன்சல், 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உலகளாவிய மனம் ஒன்று கருவிகளை அசைக்கிறது என்ற விளக்கத்தைவிட, விளைவு சோதனை செய்பவர்களின் தேர்வோடும் நோக்கத்தோடும் ஒட்டியது என்ற விளக்கமே தரவுக்குப் பொருந்துகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதையும் அவர் ஒரு விந்தையான விளைவாகவே கருதினார். எனக்கோ, தேர்வுக்கு இடமளித்த முறையின் சாதாரண விளைவாகவே அது தோன்றுகிறது. உலக நிகழ்வுகள் இக்கருவிகளைப் பாதிக்கின்றன என்பது இதுவரை நிறுவப்படவில்லை என்பதே என் கணிப்பு. தேர்வை விதியிடம் ஒப்படைத்த சோதனைகளிலும் விலகல் தொடர்ந்து வருமானால் அந்தக் கணிப்பை நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முடிவு எதுவானாலும் நொடிவாரியான தரவு முழுவதையும், அளவு சரிபார்த்த வாரங்களின் பதிவோடும் ஒதுக்கப்பட்ட கருவிகளின் பதிவோடும் சேர்த்து வெளியிடுங்கள். நான்கு கருவிகள் ஓராண்டு ஓடினாலும், நொடிக்கு ஒரு எண்ணை ஒரு பைட்டாகச் சேமித்தால் அது 130 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.