ஏரி மீனின் எதிர்ப்பு மரபணுக்களை அதன் ஒட்டுண்ணிகளோடு ஒப்பிடுவது எப்படி?

இயற்கை நீர்நிலையில் வாழும் மீன்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் எவ்வளவு பலவகைப்பட்டவை, அந்தப் பன்மை அவற்றை நோயிலிருந்து காக்கிறதா என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவருக்கு, வட ஜெர்மனியின் புளோன் நகரைச் சுற்றியுள்ள ஏரிகளில் நடந்த ஸ்டிக்கிள்பேக் மீன் ஆய்வுகள் நல்ல வழிகாட்டி. முதுகில் மூன்று முட்களைக் கொண்ட, விரல் நீளமே உள்ள இம்மீன் ஏரியிலும் ஆற்றிலும் வாழ்கிறது. ஆய்வகத் தொட்டியிலும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிறது. பலவகை ஒட்டுண்ணிகளையும் சுமக்கிறது.

எம்.எச்.சி எனப்படும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள், கிருமியின் புரதத் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு, காவல் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. ஒரு மரபணுவின் மாற்று வடிவமே அல்லீல். ஒவ்வோர் அல்லீலும் சில வகைத் துணுக்குகளை மட்டுமே பற்ற வல்லது. புழு, பாக்டீரியா போன்றவற்றுக்கு எதிரான பாதுகாப்பை ஆராய, இரண்டாம் வகுப்பு பீட்டா மரபணுவின் இரண்டாவது எக்ஸானையே (புரதத்துக்கான குறியீடு கொண்ட பகுதியையே) வழக்கமாகத் தேர்வு செய்கிறார்கள். துணுக்கைப் பற்றும் பள்ளத்தின் ஒரு பக்கம் அங்குதான் குறிக்கப்பட்டுள்ளது. உங்கள் மீனினத்தில் அந்த மரபணு இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அட்லாண்டிக் காட் மீன் இரண்டாம் வகுப்பு எம்.எச்.சி அமைப்பையே இழந்துவிட்டது என்பது 2011இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது தெரியவந்தது.

மீன்களை உரிய அனுமதியுடன், ஒரே பருவத்தில், ஒரே வயதுக் கூட்டத்திலிருந்து பிடிக்க வேண்டும். வயதைக் கலந்துவிட்டால் ஆய்வே பிழைபடும். ஏனெனில் கண் வில்லையில் குடியேறும் டிப்ளோஸ்டோமம் போன்ற தட்டைப்புழுக்கள் மீனின் வாழ்நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகின்றன. வயதான மீனில் புழு மிகுந்திருப்பது அதன் மரபணுவின் குறையாகத் தோன்றிவிடும். கடும் தொற்றுக்கு ஆளான மீன்கள் ஏற்கெனவே இறந்து போயிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வலையில் விழுவது பிழைத்தவை மட்டுமே.

ஒட்டுண்ணிகளை எண்ணும் வேலையே மிகுந்த பொறுமை கோருவது. அதில் காட்டும் அக்கறையின் அளவுக்கே பின்னால் வரும் மரபணுத் தரவுக்கு மதிப்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து. மீனை உரிய மயக்கமருந்தால் வலியின்றிக் கொன்றவுடன், தோலையும் துடுப்புகளையும் நுண்ணோக்கியில் முதலில் பாருங்கள். அங்கு ஒட்டியிருக்கும் கைரோடாக்டிலஸ் புழுக்கள் இறந்த மீனை விட்டு விரைவில் நீங்கிவிடும். அடுத்து செவுள்களையும், பிரித்தெடுத்த கண் வில்லைகளையும், குடலையும், உடற்குழியையும் ஆராய வேண்டும். உடற்குழியில் ஸ்கிஸ்டோசெபாலஸ் நாடாப்புழு இருந்தால், எண்ணுவதோடு நிறுத்தாமல் எடையும் போடுங்கள். ஒரே புழுவே மீனின் வயிற்றை அடைத்துக்கொள்ளும் அளவு வளரக்கூடும். ஒட்டுண்ணியின் எண்ணிக்கையோடு வகையையும் தனித்தனியே பதியுங்கள்.

டி.என்.ஏ எடுக்க, எத்தனாலில் இட்ட சிறு துடுப்புத் துண்டு போதும். ஸ்டிக்கிள்பேக்கில் இம்மரபணு பல நகல்களாகப் பெருகியுள்ளதால், எந்த அல்லீல் எந்த நகலுக்கு உரியது என்று பிரிப்பது கடினம். ஆகவே ஒரு மீனில் எத்தனை வெவ்வேறு அல்லீல்கள் உள்ளன என்பதே அளவீடாகிறது. டி.என்.ஏ துண்டுகளைப் பன்மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர் வினையில் இரு அல்லீல்களின் துண்டுகள் ஒட்டிப் போலி வரிசைகள் தோன்றுவதுண்டு. சுழற்சிகளைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாக இருமுறை செய்து, இரண்டிலும் வந்த வரிசையை மட்டும் ஏற்க வேண்டும்.

எதிர்ப்போடு தொடர்பற்ற, குறுகிய டி.என்.ஏ வரிசை திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டலைட் குறிப்பான்களையும் அதே மீன்களில் அளவிடுங்கள். வட ஜெர்மனிய மீன் கூட்டங்களை ஒப்பிட்டபோது, ஒட்டுண்ணி வகைகள் மிகுந்த இடங்களில் எம்.எச்.சி பன்மையும் மிகுந்திருந்தது. மைக்ரோசாட்டலைட் போன்ற நடுநிலைக் குறிப்பான்களின் பன்மை அவ்வாறு ஒத்துப்போகவில்லை. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், இயற்கைத் தேர்வின் அழுத்தத்தையும் கூட்டத்தின் அளவு, வரலாறு ஆகியவற்றின் விளைவையும் பிரித்தறிய முடியாது.

பகுப்பாய்வில் பலரும் நேர்கோட்டுத் தொடர்பை மட்டும் தேடுகிறார்கள். அது போதாது. 2003இல் வெளியான சோதனையில், ஆய்வகத்தில் வளர்த்த மீன்களுக்கு மூன்று ஒட்டுண்ணிகளின் தொற்று ஏற்படுத்தப்பட்டபோது, மிகக் குறைவான அல்லீல்களோ மிக அதிகமான அல்லீல்களோ கொண்டவற்றைவிட, இடைப்பட்ட எண்ணிக்கை கொண்டவையே குறைவான தொற்றுக்கு உள்ளாயின. அல்லீல்கள் பெருகும்போது, சொந்த உடலையே தாக்கக்கூடிய டி செல்கள் என நீக்கப்படுபவையும் பெருகி, காவலுக்கு எஞ்சுபவை குறைந்துவிடலாம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஆகவே புள்ளியியல் மாதிரியில் அல்லீல் எண்ணிக்கையின் இருமடியையும் (வர்க்கத்தையும்) சேருங்கள். சில மீன்களே பெரும்பாலான புழுக்களைச் சுமப்பதால், எண்ணிக்கைத் தரவுக்கு எதிர்ம ஈருறுப்புப் பரவல் (negative binomial) பொருத்தமானது.

குறிப்பிட்ட ஓர் அல்லீல் குறிப்பிட்ட புழுவைத் தடுக்கிறது என்று தோன்றினால், அதைக் களத் தரவைக் கொண்டே முடிவாக எழுதிவிடக் கூடாது. உடன்பிறந்த குஞ்சுகளை ஆய்வகத்தில் வளர்த்து, அளவறிந்த தொற்றுக்கு உட்படுத்திச் சோதிக்க வேண்டும். 2012இல் வெளியான ஆய்வொன்று இன்னும் ஒரு படி சென்று, மீன் கூட்டங்களை இரு நூற்புழுக்களில் ஒன்றுக்கு ஆட்படுத்தி, எதிர்ப்பைத் தரும் அல்லீல்கள் அடுத்த தலைமுறையிலேயே பெருகியதைக் காட்டியது. அதனால் முதல் ஆண்டின் துடுப்புத் துண்டுகளை இடம், தேதி, நீளம், பாலினம் ஆகிய குறிப்புகளோடு பத்திரப்படுத்தி, அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் வலை வீசுங்கள்.